கடைசி வண்டி யாருடையது? கிருஷ்ணகிரி முதல் ஒகேனக்கல் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கார் கூட்டுப் பயணம்

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், காருக்கு 1,500 ரூபாய் கட்டணம் செலுத்தி, மேலும் பதின்மூன்று கார்களோடு சேர்ந்து கிருஷ்ணகிரியிலிருந்து இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் சென்று, பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்குத் திரும்பிய ஒருநாள் பயணத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. வார இறுதிகளில் கார் பிரியர்களைத் திரட்டி இவ்வாறு அழைத்துச் செல்லும் குழுக்கள் எங்கள் இரு மாவட்டங்களிலும் இப்போது பெருகிவிட்டன. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நான் சென்ற குழுவின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அவர்களிடம் மட்டுமே உள்ளது என்று நான் நினைக்கவில்லை. யாரோடு செல்வதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கட்டணத்தில் காலைச் சிற்றுண்டி, ஒரு வாக்கி டாக்கியின் வாடகை, முன்கண்ணாடியில் ஒட்டும் வரிசை எண், ஒரு பனியன் ஆகியவை அடக்கம். எரிபொருளும் மதிய உணவும் நம் கைச்செலவு. வரிசை எண் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுக்க எனக்கு மண்ணெண்ணெயும் அரை மணி நேரமும் தேவைப்பட்டன என்பதைத் தவிர இந்தப் பொருள்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. என்னுடையது 2014ஆம் ஆண்டு டீசல் ஸ்விஃப்ட். பக்கத்து இருக்கையில் என் தம்பி. வந்திருந்த வண்டிகளில் தார், ஜிம்னி, போலோ என்று வழக்கமானவை பல இருந்தாலும், அனைவரும் சுற்றி நின்று பார்த்தது இரண்டைத்தான்: பெங்களூர்க்காரர் ஒருவரின் கருநீலக் காண்டெசா, சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் ஓட்டிவந்த வெள்ளைப் பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் மாற்றும் கம்பி, 1,089 சி.சி. கார்புரேட்டர் எஞ்சின், இருக்கையில் பின்னல் உறை என்று அந்த வண்டி அச்சு அசலாக இருந்தது. இந்தப் பத்மினி பிற்பகலில் மீண்டும் வரும்.

காலை ஆறு மணிக்கு இராயக்கோட்டை சாலையிலுள்ள ஒரு திருமண மண்டபத்தின் வளாகத்தில் கூடினோம். இட்லி, வடை, சட்னி எதிலும் குறையில்லை. ஆறரை மணிக்கு நடந்த விளக்கக் கூட்டம்தான் இந்தக் குழுவின்மீது எனக்கு நம்பிக்கை ஏற்படுத்தியது. ஒருங்கிணைப்பாளர் முதலில் சொன்னது, இது பந்தயமன்று, நேரக் கணக்கும் புள்ளிகளும் கிடையா என்பது. இதைச் சொல்வதற்கு அவசியம் உண்டு. மாநில அரசின் அனுமதியின்றிப் பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அத்துடன், நம்மிடமுள்ள சாதாரணத் தனியார் கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்த்தால், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் திறனைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 'இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு இத்தனை நிமிடம்' என்று அட்டை கொடுத்து வெற்றிபெற்றவருக்குக் கோப்பை வழங்கும் குழுவுடன் சென்று ஏதேனும் நேர்ந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தாரிடம் என்ன விளக்கம் சொல்வது என்பதைப் போகிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. இவர்கள் அந்த வழிக்குப் போகவில்லை.

இரண்டாவதாக அவர் கூறிய விதி எளிமையானது: சாலை பிரியும் ஒவ்வோர் இடத்திலும், உங்களுக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியும்வரை நீங்கள் திரும்பக் கூடாது. எல்லோரும் இதைக் கடைப்பிடித்தால் முன்னால் செல்பவருக்கு வரைபடம் தெரிந்திருந்தாலே போதும், மற்ற பதின்மூன்று பேருக்கும் வழி தெரியவேண்டியதில்லை. மூன்றாவதாக, வரிசையின் இறுதியில் வரப்போகிறவரை அறிமுகப்படுத்தினார்கள். ஓசூரில் பல ஆண்டுகள் லாரிப் பட்டறை நடத்தியவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவருடைய பழைய பொலேரோவின் பின்பகுதியில் இழுவைக் கயிறு, காற்றடிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், இரண்டு கேன் தண்ணீர், ஒரு மண்வெட்டி எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவர் பேசியது ஒரே வாக்கியம்: "நான் யாரையும் முந்த மாட்டேன், எனக்குப் பின்னாடி யாரையும் விட மாட்டேன்."

கிருஷ்ணகிரியை விட்டு வெளியேறியதும் இருபுறமும் மாந்தோப்புகள். மாசியில் மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. கண்ணாடியை இறக்கினால் காலைக் குளிரோடு மாம்பூ வாசம் உள்ளே வரும். கூழ் ஆலைகளுக்குச் செல்லும், எங்கள் ஊரில் பெங்களூரா என்று அழைக்கப்படும் கிளிமூக்கு மாங்காயே இங்கே பெரும்பான்மை. அது காய்த்துச் சந்தைக்கு வர இன்னும் மூன்று மாதங்கள் ஆகும். பழம் தின்னும் ஆசையுடன் வருகிறவர்கள் ஆனி மாதத்தில் வரட்டும். கார் ஓட்டும் ஆசையுடன் வருகிறவர்களுக்கு மாசிதான் ஏற்றது, ஏனெனில் அப்போது வெயில் பத்து மணிக்கு மேல்தான் உறைக்கிறது. இராயக்கோட்டையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை தலைக்கு மேலே நிற்க, கீழே தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்த மினி வேன்களுக்கு இடையில் பதினான்கு கார்களை நிறுத்த இடமின்றி அரை கிலோமீட்டருக்குச் சிதறினோம். கூட்டுப் பயணங்களுக்கே உரிய இந்தச் சிக்கலைத் திட்டமிடும்போது யாரும் யோசிப்பதில்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் மூன்று விநாடி இடைவெளி விட்டால் அது ஐம்பது மீட்டர். பதினான்கு வண்டிகள் சேர்ந்தால் வரிசையின் நீளம் முக்கால் கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் முந்திச் செல்ல எந்த அரசுப் பேருந்தாலும் முடியாது. ஏழேழாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் அனுப்பியிருந்தால் ஓட்டுகிறவர்களுக்கும் நிம்மதி, ஊர்க்காரர்களுக்கும் நிம்மதி.

இராயக்கோட்டையைத் தாண்டியபின் ஓர் இடத்தில் சாலையின் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் மணி உதிரும் என்பது விவசாயிகளின் கணக்கு. களம் இல்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று நாமும் பேசாமல் கடந்துவிடுகிறோம். ஆனால் காய்ந்த கொடி காரின் அடியில் சுழலும் தண்டிலும் புகைபோக்கிக் குழாயிலும் சுற்றிக்கொண்டால், குழாயின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். எங்கள் பகுதியில் இவ்வாறு கார்கள் எரிந்த செய்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன் வண்டியிலிருந்து வாக்கி டாக்கியில் "கொள்ளு போட்டிருக்கிறார்கள், வலப்பக்கம் ஒதுங்குங்கள்" என்று அறிவிப்பு வந்தது. இருந்தும் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஜிம்னி ஒன்று அதன்மீதே ஏறிச் சென்றுவிட்டது. அரைக் கிலோமீட்டர் கூடச் செல்லவில்லை, கடைசி வண்டிக்காரரின் குரல் கேட்டது: "ஒன்பதாம் நம்பர், ஓரமா நிறுத்துங்க." அவர் இறங்கிவந்து, சாலையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, கையுறை அணிந்த கையை உள்ளே விட்டு, புகைபோக்கிக் குழாயைச் சுற்றியிருந்த கொடியைப் பிடி பிடியாக உருவி எடுத்தார். கடைசிப் பிடியின் நுனி பழுப்பேறி, கருகல் வாசம் வந்தது. ஜிம்னியின் உரிமையாளரான அந்த இளைஞர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டு பேச்சற்று நின்றார். அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. பெரியவர் சாக்கை உதறி மடித்துக்கொண்டு தம் வண்டிக்குத் திரும்பினார். மொத்தம் எட்டு நிமிடம்.

தேன்கனிக்கோட்டையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. காற்றுப் பிடிக்கும் இடத்தில் நின்றிருந்த பையன் மூன்று வண்டிக்காரர்களிடம் மூன்று மொழிகளில் பேசியதை என் தம்பி வியந்து பார்த்தான். இங்கிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் வரையுள்ள பகுதிதான் இந்தப் பயணத்தின் உயிர். ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. காவிரிக்கரையைத் தொடும்போது அதில் ஏறத்தாழ இரண்டாயிரம் அடியை நாம் இழந்திருப்போம். ஆகவே காலை முழுவதும் இறக்கம்தான் அதிகம், இறக்கம்தான் ஓட்டுநரைச் சோதிப்பதும். மேலே ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், நியூட்ரலில் உருட்டாதீர்கள் என்று முன் வண்டியிலிருந்து மூன்று முறை நினைவூட்டினார்கள். தொப்பூர்க் கணவாயைத் தெரிந்த எங்களுக்கு இந்த அறிவுரையின் விலை தெரியும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகள் அங்கே செய்யும் சேதத்தை நாங்கள் செய்தித்தாளில் படித்து அறியவேண்டியதில்லை.

இறக்கத்தில் எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பது விதி. ஏறுகிற வண்டி பாதியில் நின்றால் மீண்டும் கிளம்புவது கடினம் என்பதே அதன் காரணம். அஞ்செட்டியிலிருந்து ஏறிவந்த நகரப் பேருந்து ஒன்றுக்கு எங்கள் வரிசை முழுவதும் ஓரம் கட்டியது. பேருந்தின் ஓட்டுநர் ஒவ்வொரு காருக்கும் கையை உயர்த்தி உயர்த்தி, பத்தாவது காருக்குமேல் சலித்துப்போய்ச் சிரித்துக்கொண்டே கடந்தார். என் நினைவில் இந்தப் பயணத்தின் மிக அழகான காட்சி அதுதான். ஆனால் படம்பிடிக்க வந்திருந்தவர் அதைத் தவறவிட்டுவிட்டார்.

அஞ்செட்டிக்குப் பின் நாட்ராம்பாளையத்தைக் கடந்து காடு நெருங்குகிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயமும் இந்த மலைகளில்தான் பரந்து கிடக்கின்றன. ஐப்பசி தொடங்கி, கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் இங்கே வந்து தங்கிப் போகின்றன. மாசியில் பெரும்பாலானவை திரும்பிவிட்டாலும் சாலையில் கிடந்த சாணம் பழையதாகத் தெரியவில்லை. மூங்கில் புதர்களும் இலையுதிர்த்து நிற்கும் மரங்களும் நெருங்கிய ஒரு வளைவில், பதினான்கு கார்களையும் வளைந்த வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று முன் வண்டியில் இருந்த ஒளிப்பதிவாளர் கேட்டார். ஒருங்கிணைப்பாளரும் ஒப்புக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். அப்போதும் கடைசி வண்டியிலிருந்துதான் குரல் வந்தது: "இங்க வேண்டாம்ங்க. காடு தாண்டட்டும், எத்தனை படம் வேணும்னாலும் எடுத்துக்கலாம்." ஒரு விநாடி மௌனத்துக்குப் பிறகு வரிசை நகர்ந்தது. ஒருங்கிணைப்பாளர் தம் முடிவை மாற்றிக்கொண்டதை நான் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டுகிறேன். முன்னால் செல்பவரைப் பின்னால் வருபவர் தடுக்கக்கூடிய ஏற்பாடு எத்தனை குழுக்களில் இருக்கும் என்று தெரியவில்லை. இந்தப் பகுதியில் நீண்ட தூரத்துக்குக் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது என்பதையும் வருகிறவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். இருட்டுவதற்கு வெகுமுன்பே கடக்க வேண்டிய சாலை இது.

ஒகேனக்கல்லைப் பற்றித் தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாசியில் தண்ணீர் குறைவு. அருவி புகையாக எழாது, ஆனால் பரிசல் செல்லும், பாறைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். ஆடியில் வந்தால் மேலே கபினியிலிருந்தும் கிருஷ்ணராஜ சாகரிலிருந்தும் திறக்கும் நீரைப் பொறுத்துப் பரிசலுக்குத் தடை விதிக்கப்படலாம். பரிசலில் சென்றவர்கள் பாதுகாப்பு அங்கியுடன் சென்று மகிழ்ச்சியாகத் திரும்பினார்கள். நானும் தம்பியும் மீன் சமைக்கும் இடத்தில் உட்கார்ந்தோம்.

இங்கேதான் ஏற்பாடு முதல்முறையாகச் சறுக்கியது. முப்பத்தேழு பேருக்கு மதிய உணவு வேண்டும் என்பது ஒரு வாரம் முன்பே தெரிந்த செய்தி. அதை முன்கூட்டியே எந்தச் சமையல்காரப் பெண்ணிடமும் சொல்லி வைக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மீன் வாங்கி, ஒரே நேரத்தில் நான்கைந்து அடுப்புகளின் முன் நின்றோம். எங்களுக்குச் சமைத்த அம்மாள், நாங்கள் வாங்கிவந்த கெண்டையை அருவாமனையில் செதில் தேய்த்து, இருபுறமும் கீறி, மசாலாவைக் கீறலுக்குள் விரலால் அழுத்திப் பூசி, "சாமி, காரம் அளவாப் போடட்டுமா, தூக்கலாப் போடட்டுமா?" என்று கேட்டார். தூக்கலாகவே போடச் சொன்னோம். விறகடுப்பின் இரும்புச் சட்டியில் அந்த மீன் இறங்கியபோது மணி ஒன்று நாற்பது. எங்களுக்கு முன் இன்னும் இரண்டு குடும்பங்களின் மீன் காத்திருந்தது. சுவையைப் பற்றிச் சொன்னால் இந்த மதிப்புரை திசைமாறிவிடும். ஒன்றரைக்குக் கிளம்பவேண்டிய வரிசை இரண்டு ஐம்பதுக்குக் கிளம்பியது என்பதுதான் இங்கே முக்கியம்.

இதற்கிடையில், கடைசி வண்டிக்காரருக்கு வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தது. அவர் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அவர்மீது தவறே இல்லை. ஆனால் அவர் சென்றபின் அந்த இடத்துக்கு வேறொருவரை நியமிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கயிறும் காற்றுக் கருவியும் பொலேரோவோடு போயின. தாமதத்தை ஈடுகட்டும் அவசரத்தில் விளக்கக் கூட்டமும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை, யாருக்குப் பின்னால் யார் என்பதும் இல்லை. "எல்லோரும் பென்னாகரம் சாலையில் ஏறுங்கள், தருமபுரியில் சந்திப்போம்" என்பதோடு சரி. பதின்மூன்று கார்களில் நான் பதினொன்றாவதாக இருந்தேன். எனக்குப் பின்னால் பத்மினி, அதற்குப் பின்னால் ஒரு தார். முதல் ஏற்றத்திலேயே தார் பொறுமையிழந்து எங்கள் இருவரையும் முந்திச் சென்றுவிட்டது.

கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் தாண்டியபின் கண்ணாடியைப் பார்த்த தம்பி, "அண்ணா, வெள்ளை வண்டியைக் காணோம்" என்றான். வேகத்தைக் குறைத்து இரண்டு நிமிடம் உருட்டினேன், வரவில்லை. வாக்கி டாக்கியில் அழைத்தேன். மலை குறுக்கே நிற்கும்போது அந்தச் சிறு கருவிகளின் அலை எட்டாது என்பது தெரிந்ததுதான். கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கைப்பேசியிலும் கோடுகள் இல்லை. அகலமான ஓரிடம் பார்த்துத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினால், இரண்டாவது வளைவுக்குக் கீழே, ஏற்றத்தின் நடுவில், பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஆசிரியர் நின்றிருந்தார். அவருடைய மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க தம்பி, பழகினதுதான்" என்றார் அவர். "பம்பு சூடேறிப் பெட்ரோலு ஆவியாயிடுச்சு." மெக்கானிக்குகள் பொதுவாக ஏர் லாக் என்று சொல்லிவிடும் கோளாறு இது. பழைய வண்டிகளில் எரிபொருள் பம்பு எஞ்சினோடு ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும். கீழ்க் கியரில், மெதுவாக, உச்சி வெயிலில் ஏறும்போது எஞ்சினின் சூடு பம்புக்கு இறங்கி, குழாயில் உள்ள பெட்ரோல் குமிழிடத் தொடங்கும். பம்பு திரவத்தைத்தான் தள்ளும், ஆவியைத் தள்ளாது, ஆகவே கார்புரேட்டர் வறண்டு வண்டி நின்றுவிடும். அந்த அம்மாள் தம் பையிலிருந்த ஈரிழைத் துண்டை எடுத்து, எங்களிடமிருந்த தண்ணீர்ப் புட்டியால் நனைத்துக் கொடுக்க, ஆசிரியர் அதைப் பம்பின்மீது கவனமாகச் சுற்றினார். துணியிலிருந்து முதலில் ஆவி கிளம்பியது. நான்கு முறை பிழிந்து நனைத்துச் சுற்றியபின் ஆவி நின்றது. சாவியைத் திருப்பினார், இருமிக்கொண்டு எழுந்தது பத்மினி. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். இதற்குள் எங்களைக் கடந்து சென்றவை இரண்டு பேருந்துகள், ஒரு பால் வண்டி, பல இருசக்கர வாகனங்கள். எங்கள் குழுவிலிருந்து யாரும் திரும்பி வரவில்லை.

கோளாறு சிறியது, எங்களுக்கு அதனால் இழப்பும் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ஒரு கொள்ளுக் கொடிக்காக வரிசையையே நிறுத்திய குழு, பிற்பகலில் எழுபது வயதுத் தம்பதியரை மலைச்சாலையில் விட்டுவிட்டுச் சென்றதை அறியாமலேயே தருமபுரியில் காபி குடித்துக்கொண்டிருந்தது. காலையில் சொன்ன விதி மட்டும் காப்பாற்றப்பட்டிருந்தாலும் பென்னாகரத்தில் யாரேனும் எங்களுக்காக நின்றிருப்பார்கள். நிற்கவில்லை, அது மட்டுமன்று, பெங்களூரிலிருந்து வந்த இன்னொரு கார் பென்னாகரத்தில் தவறாகப் பிரிந்து மேச்சேரிச் சாலையில் வெகுதூரம் சென்று, தாமே வழிகேட்டுத் திரும்பியதைப் பின்னர் அறிந்தேன். நாங்கள் இருவரும் தருமபுரியை அடைந்தபோது குழுப்படம் எடுத்து முடித்திருந்தார்கள். "நீங்க பின்னாடி வந்துட்டுத்தான் இருக்கீங்கன்னு நினைச்சோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "வந்துட்டுத்தான் இருந்தோம்" என்றார்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார்; அடுத்த பயணத்தில் 500 ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அதை நல்லெண்ணமாகவே எடுத்துக்கொள்கிறேன். வழித்தேர்வில் இவர்களுக்கு உண்மையான தேர்ச்சி இருக்கிறது: நெடுஞ்சாலையை முடிந்தவரை விலக்கி, இறக்கத்தைக் குளிர்ந்த காலையில் வைத்து, காட்டைப் பகலில் கடக்க வைத்தது விவரம் தெரிந்தவர்கள் செய்யும் வேலை. சுமார் 220 கிலோமீட்டரில் என் வண்டிக்கு ஆன டீசல் பதினொரு லிட்டருக்குள்தான். கட்டணத்தையும் மீனையும் சேர்த்தாலும் இருவருக்கு மூவாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. இந்த வழியில் தனியாகச் செல்வதைவிடத் துணையோடு செல்வது பல மடங்கு மேல். காலை நேரத்துக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை தருவேன்; பிற்பகலுக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இவர்களோடு செல்வதாக இருந்தால், திரும்பும் ஏற்றத்தை நான்கு மணிக்குமேல் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பருத்தித் துண்டும் ஐந்து லிட்டர் தண்ணீரும் கைவசம் இருக்கட்டும். குழந்தைகளோடு வருகிறவர்கள் மதிய உணவைக் கட்டி எடுத்துச் செல்வது உத்தமம், ஆனால் ஒகேனக்கல்லில் பொட்டலத்தைத் திறக்கும்முன் குரங்குகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் வத்தல்மலைக்குச் செல்வதாக அறிவித்திருக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், குறுகிய சாலை, மேலே காப்பியும் மிளகும் விளையும் ஊர்கள். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. கடைசி வண்டியை ஓட்டப்போவது யார், அவரால் வர இயலாமற்போனால் அவருக்கு மாற்று யார் என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறேன். முதல் கேள்விக்கு நேற்று மாலை பதில் வந்துவிட்டது: அதே பொலேரோ. இரண்டாவதற்கும் வந்தால் முன்பணம் கட்டிவிடுவேன்.